பூட்டு வாங்கித் தரும் மூன்று நிமிடம்



வீட்டுத் திருட்டைப் பற்றி நம் நாளிதழ்களில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கும். குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் முன்கதவின் பூட்டு உடைந்து கிடந்தது. பீரோவில் இருந்த இத்தனை பவுன் நகையைக் காணவில்லை. போலீசார் வழக்குப் பதிந்து விசாரித்து வருகிறார்கள். இந்த நான்கு வரிக்குள் மூன்று உண்மைகள் அடங்கியிருக்கின்றன. வீட்டில் ஆள் இல்லை. கையில் எடுத்துப் போகக்கூடிய செல்வம் ஒரே இடத்தில் குவிந்திருந்தது. கதவை உடைக்கும் நேரம் முழுவதும் தெருவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பூட்டு இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வருகிறது. ஆனால் செய்தியைப் படித்துவிட்டு நாம் முதலில் செய்வது பூட்டை மாற்றுவதுதான். பெரிய பூட்டு, கூடுதல் கம்பி, உயர்ந்த மதில் என்று ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே செலவு செய்துகொண்டே போகிறது. இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எந்தப் பூட்டும் திருடனைத் தடுப்பதில்லை; அவனைத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தைக் கவனிக்க ஒருவர் இருந்தால்தான் அதற்குப் பயன் உண்டு. ஆகவே வீட்டுக் காவல் என்பது வீட்டுக்காரரின் தனிச் செலவுக் கணக்கோடு முடிந்துவிடுகிற காரியம் அல்ல. அது தெருவுக்கும், கட்டட விதிக்கும், காவல் துறைக்கும் சேர்ந்த பொதுப்பணி.

பூட்டின் வரலாறே இதற்கு நல்ல சாட்சி. லண்டன் பிக்காடில்லியில் பிராமா நிறுவனத்தார் தங்கள் பூட்டு ஒன்றைக் கடையின் முகப்பில் வைத்து, அதைத் திறந்து காட்டுபவருக்கு 200 கினி பரிசு என்று 1790-இலேயே அறிவித்திருந்தார்கள். அறுபது ஆண்டுகள் யாராலும் முடியவில்லை. 1851-இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அதைத் திறந்துவிட்டார். அவருக்கு 16 நாட்களில் பரவிய ஏறக்குறைய 51 மணி நேரம் ஆயிற்று. அன்றைய இங்கிலாந்து இதைப் பெருந்தோல்வியாக எண்ணிக் கலங்கியது. நாம் அதிலிருந்து வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாம். திறக்க முடியாத பூட்டு என்று ஒன்று இல்லை என்பது உண்மை. ஆனால் யாரும் தொந்தரவு செய்யாமல் 51 மணி நேரம் ஒரு கதவின் முன்னால் உட்கார்ந்திருக்க எந்தத் திருடனுக்கும் வாய்க்காது. ஒரு பூட்டின் மதிப்பை அதன் எடையிலும் பளபளப்பிலும் பார்க்கக் கூடாது. அது எத்தனை நிமிடம் தாங்கும், அந்த நிமிடங்களுக்குள் யாராவது கவனிப்பார்களா என்ற இரண்டு கேள்விகளில்தான் அது அடங்கியிருக்கிறது.

நம் ஊர்க் கதவுகளுக்கு வருவோம். திண்டுக்கல் பூட்டு தமிழ்நாட்டின் பெருமை. 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. கையால் அரம் போட்டு, உள்ளே நெம்புத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திச் செய்யும் அந்தப் பூட்டைக் கம்பி விட்டுத் திறப்பது எளிதல்ல. ஆனால் வீடு புகுந்து திருடுபவன் அப்படித் திறக்க முயல்வதே இல்லை. கடப்பாரையை நாதாங்கிக்குள் விட்டு நெம்புகிறான். அரை அங்குலத் திருகாணிகள் நிலைக்கட்டையிலிருந்து பெயர்ந்து வருகின்றன. பூட்டு சிறிதும் சேதமில்லாமல் நாதாங்கியோடு தொங்குகிறது. முன்கதவு தேக்காக இருக்கும். கொல்லைப்புறக் கதவு தகரமாகவோ மெல்லிய ஒட்டுப்பலகையாகவோ இருக்கும். கீழ்த்தளத்து ஜன்னலுக்கெல்லாம் கிரில் இருக்கும். மொட்டைமாடிக் கதவுக்கு ஒரு சிறு தாழ்ப்பாள்தான் இருக்கும். ஒரு வீட்டின் வலிமை அதன் மிக வலுவான கதவில் இல்லை. மிக நலிந்த கதவில் இருக்கிறது. பூட்டுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை நீளமான திருகாணிக்கும், கனமான நாதாங்கிக்கும், சுவரோடு ஆழமாகப் பிடிக்கும் நிலைக்கும் செலவிட்டால் அதே பூட்டு இன்னும் பல நிமிடங்களை வாங்கித் தரும்.

வெளியே தொங்கும் பூட்டுக்கு இன்னொரு குறை உண்டு. அது தெருவில் போகிற எவருக்கும் உள்ளே ஆள் இல்லை என்று அறிவித்துவிடுகிறது. கதவுக்குள் புதைந்திருக்கும் உள்பூட்டு அந்த அறிவிப்பைச் செய்வதில்லை. தமிழ் வீடுகள் இப்படிப் பல வழிகளில் தம் வெறுமையைச் சொல்லிவிடுகின்றன. காலையில் கோலம் இல்லாத வாசல், கேட்டில் செருகி நிற்கும் மூன்று நாள் செய்தித்தாள், படியில் கிடக்கும் பால் பாக்கெட், பகலிலும் எரிந்துகொண்டிருக்கும் வாசல் விளக்கு எல்லாம் அடையாளங்கள். திருமணத்துக்கு வைக்கும் பெரிய பதாகை, குடும்பம் முழுவதும் எந்த நாளில் எந்த மண்டபத்தில் இருக்கும் என்பதை முன்கூட்டியே எழுதிக் காட்டுகிறது. பயணத்தின் படங்களை அன்றன்றே வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போடுவதும் அதே வேலையைச் செய்கிறது. இவற்றைக் குற்றமாக நான் சொல்லவில்லை. திருடன் முதலில் தேடுவது பலவீனமான பூட்டை அல்ல, ஆளில்லாத வீட்டை என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு வாரம் ஊருக்குப் போகிறவர் பக்கத்து வீட்டு அம்மாவிடம் வாசல் தெளித்து ஒரு கோலம் போடச் சொல்லிவிட்டுப் போனால், அது ஒரு பூட்டுக்குச் சமமான காவல்.

இந்த வெறுமை ஏன் பெருகியது என்பதை 1979-இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் தெளிவாக விளக்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வருமானம் உயர்ந்தது, வறுமை குறைந்தது, ஆனால் வீட்டுத் திருட்டு, அதுவும் பகல் திருட்டு, ஏறியது. வறுமைதான் திருட்டுக்கு ஒரே காரணம் என்றால் இது நடந்திருக்கக் கூடாது. அவர்கள் கண்ட விளக்கம் இது: திருட நினைக்கும் ஒருவன், எடுத்துச் செல்ல ஏற்ற பொருள், காக்கும் ஆள் இல்லாத நிலை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடினால் குற்றம் நடக்கிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனார்கள், பகலில் வீடுகள் காலியாயின. அதே காலத்தில் தொலைக்காட்சியும் வானொலியும் எடை குறைந்து, தூக்கிச் செல்ல எளிதாயின. திருடனின் மனம் மாறாமலேயே வாய்ப்பு பெருகிவிட்டது. நம்மிடமும் கூட்டுக் குடும்பம் பிரிந்தது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். நகரத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோடை விடுமுறைக்கும் சொந்த ஊருக்குப் போகிறோம். இந்த வாழ்க்கை மாற்றத்தை யாரும் திருப்பி எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். பெண்கள் வேலைக்குப் போவது நல்ல மாற்றம். அந்த மாற்றத்துக்கு ஏற்ப காவலின் முறையை மாற்றவில்லை என்பதே நம் குறை.

ஏற்ற பொருள் என்று அவர்கள் சொன்னது நம் நாட்டில் தொலைக்காட்சி அல்ல, தங்கம். ஒரு பவுன் என்பது எட்டு கிராம். நூறு பவுன் நகையின் எடை 800 கிராம். ஒரு கிலோ அரிசியைவிடக் குறைவு. ஒரு குடும்பம் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்ததைச் சட்டைப் பைகளில் போட்டுக்கொண்டு நடந்து போய்விடலாம். உருக்கிவிட்டால் அது யாருடைய தாலிக்கொடி, யாருடைய வளையல் என்பதற்கு அடையாளமே இருக்காது. இந்த இரண்டு இயல்புகளும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பதால்தான் தமிழ்நாட்டுத் திருடன் பீரோவைத் தேடுகிறான். ஆனால் தங்கத்தை வீட்டில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. நம் குடும்பங்களில் சொத்துப் பத்திரம் பெரும்பாலும் ஆணின் பெயரில் இருக்கிறது. பெண்ணின் கையில் இருக்கும் ஒரே உடைமை பல வீடுகளில் நகைதான். மருத்துவச் செலவுக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் அவசரத்தில் அடகுக் கடைக்குப் போவது அதுதான். ஆகவே கேள்வி தங்கம் வேண்டுமா என்பதல்ல; எவ்வளவு தங்கம், எத்தனை நாள், எந்தப் பதிவோடு வீட்டில் இருக்கிறது என்பதே.

அன்றாடம் தேவைப்படாத நகைக்கு வங்கிப் பெட்டகம் ஒரு வழி. அதைப் பற்றி ஓர் ஐயம் உண்டு: அங்கே வைத்தது போனால் வங்கி கையை விரித்துவிடாதா? முன்பு பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வங்கிகள் இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று கூறி, விதிகளை வகுக்குமாறு ரிசர்வ் வங்கிக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிடப்பட்டு 2022 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய தங்க விலையில் இது சில பவுனுக்குத்தான் ஈடாகும் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் ஒப்பிட வேண்டியது முழு ஈட்டோடு அல்ல. பூட்டிய வீட்டின் பீரோவோடு. பீரோவில் இருப்பதற்கு எவரும் எதற்கும் பொறுப்பில்லை. பெட்டகத்தைச் சுற்றி ஆள் இருக்கிறது, அலாரம் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. தாமதமும் கவனிப்பும் சேர்ந்தே இருக்கும் இடம் அது.

வீட்டில் இருக்கும் நகைக்கும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குச் செலவு ஏதும் இல்லை. ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, எடையையும் வாங்கிய ரசீதையும் சேர்த்து வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வைத்திருப்பது. 2023 ஏப்ரல் முதல், ஹால்மார்க் கட்டாயமான இடங்களில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறி இல்லாமல் தங்க நகையை விற்கக் கூடாது. அந்தக் குறியையும் எழுதி வைத்துக்கொள்ளலாம். உருக்குவதற்கு முன் நகை பிடிபட்டால் உடைமையை நிறுவ இவை போதும். மீட்ட நகை நீதிமன்றக் கருவூலத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டியதில்லை என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. படம் எடுத்து, விவரம் பதிந்து, பிணை பெற்றுக்கொண்டு உரியவரிடம் விரைவில் ஒப்படைக்க வேண்டும். இந்தத் தீர்ப்பு இருப்பதே தெரியாமல் மீட்ட நகைக்காக அலைபவர்கள் பலர்.

இனி என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். தாமதமும் கவனிப்பும் உண்மையிலேயே திருட்டைக் குறைக்கின்றனவா? அளந்து பார்த்த இரண்டு சான்றுகளைச் சொல்கிறேன். முதலாவது நெதர்லாந்து. 1999 ஜனவரி 1 முதல் அந்த நாட்டில் கட்டப்படும் ஒவ்வொரு புதிய வீட்டின் கதவும் ஜன்னலும் திருட்டைத் தாங்கும் தரத்தில் இருக்க வேண்டும் என்று கட்டட விதியே சொல்கிறது. அந்தத் தரத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? சாதாரணக் கருவிகளோடு ஒருவர் முயன்றால் மூன்று நிமிடம் தாங்க வேண்டும். அவ்வளவுதான். உடைக்கவே முடியாத கதவை அந்தச் சட்டம் கேட்கவில்லை. மூன்று நிமிடத்தைக் கேட்டது. பென் வோலார்ட், யான் வான் ஊர்ஸ் என்ற பொருளியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, விதிக்கு உட்பட்ட புதிய வீடுகளில் ஆண்டுத் திருட்டு அபாயம் நூற்றுக்கு 1.1 என்பதிலிருந்து 0.8 ஆக, ஏறக்குறைய கால்வாசி, குறைந்தது.

இரண்டாவது சான்று இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்துக் கிர்க்ஹோல்ட் குடியிருப்பு. ஏழைகள் வாழ்ந்த, நகராட்சி கட்டிக் கொடுத்த வீடுகள். திருட்டு மிக அதிகமாக இருந்த இடம். 1980-களின் நடுவில் அங்கே ஆராய்ந்தவர்கள் இரண்டு விஷயங்களைக் கண்டார்கள். காசு போட்டால் எரிவாயுவும் மின்சாரமும் தரும் மீட்டர்கள் அந்த வீடுகளில் இருந்தன. அவற்றுக்குள் சேரும் காசைத் தேடியே பல திருட்டுகள் நடந்தன. மேலும், ஒருமுறை திருட்டுப் போன வீட்டுக்கு மறுபடியும் திருடன் வரும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது. எனவே காசு மீட்டர்களை அகற்றினார்கள். திருட்டுக்கு ஆளான வீட்டின் கதவு ஜன்னலை உடனே பலப்படுத்தினார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரைச் சந்தித்து, ஒருவர் வீட்டை ஒருவர் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு செய்தார்கள். மூன்று ஆண்டுகளில் திருட்டு 75 விழுக்காடு குறைந்தது. பொருளை அகற்றுதல், தாமதப்படுத்துதல், கவனித்தல் என்ற மூன்றும் ஒன்றாகச் செய்யப்பட்டதே வெற்றிக்குக் காரணம். நம் பீரோவில் குவிந்த தங்கத்தை அந்தக் காசு மீட்டரின் இடத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே செய்தது இங்கேயும் பொருந்தும் என்பது விளங்கும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். என் வீட்டைப் பலப்படுத்தினால் திருடன் பக்கத்து வீட்டுக்குப் போவான். மொத்தத் திருட்டு குறையுமா? நியாயமான கேள்வி. நெதர்லாந்து ஆய்வு இதையும் சோதித்தது. புதிய வீடுகளில் குறைந்த திருட்டு அருகிலிருந்த பழைய வீடுகளுக்கு இடம் மாறியதற்கு அங்கே சான்று கிடைக்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. பெரும்பாலான வீட்டுத் திருட்டுகள் வாய்ப்பைப் பார்த்துச் செய்யப்படுபவை; எளிதான வீடு கண்ணில் படாவிட்டால் முயற்சியே பல நேரம் கைவிடப்படுகிறது. ஆனாலும் இந்த மறுப்பில் ஓர் உண்மை இருக்கிறது. வசதியுள்ள வீடு மட்டும் பலப்பட்டு, பக்கத்து வாடகை வீடு நலிந்தே இருந்தால், அபாயம் வசதியற்றவர் பக்கம் சாயக்கூடும். தனித்தனியே செலவழிக்கும் நம் இன்றைய முறைக்கு இதுவே எதிரான வாதம். விதி எல்லாக் கதவுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

கேமரா வைத்துவிட்டோமே, அது போதாதா என்பது அடுத்த கேள்வி. சென்னையில் 2017-க்குப் பிறகு காவல் துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் கண்காணிப்புக் கேமராக்களைப் பரவலாக வைத்தது. பல வழக்குகளில் குற்றவாளியைத் தேட அவை உதவியிருக்கின்றன. கேமரா குற்றத்தைத் தடுக்கிறதா என்பது வேறு கேள்வி. பல நாடுகளில் நாற்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த மதிப்பீடு, கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது. வாகன நிறுத்தங்களில் பயன் மிகுதி. முக்கியமாக, ஒரு மனிதர் திரையை நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்த இடங்களில் பயன் அதிகமாக இருந்தது. படம் பதிவாகிறது, யாரும் பார்க்கவில்லை என்றால் அது கவனிப்பு ஆகாது; சாட்சியம் மட்டுமே. பதிவுப் பெட்டியை பீரோவுக்குப் பக்கத்திலேயே வைத்தால், நகையோடு அந்தச் சாட்சியத்தையும் திருடன் எடுத்துப் போவான். இங்கிலாந்தில் வீட்டுப் பாதுகாப்புக் கருவிகளை ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதையே ஒட்டியது. ஜன்னல் பூட்டு, கதவின் உறுதியான உள்பூட்டு, உள்ளே நேரம் வைத்து எரியும் விளக்கு, வெளியே ஒரு விளக்கு ஆகிய நான்கு எளிய ஏற்பாடுகள் சேர்ந்தால், ஏதுமில்லாத வீட்டைவிட நாற்பது மடங்குக்கும் மேல் பாதுகாப்புத் தந்தன. ஒவ்வொன்றும் தனியே பெரிய பயன் தரவில்லை. இரண்டு பொருள் தாமதத்துக்கு, இரண்டு பொருள் கவனிப்புக்கு என்பதை நீங்களே பார்க்கலாம்.

தண்டனையைக் கடுமையாக்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சட்டம் இதில் மென்மையாக இருந்ததே இல்லை. திருடும் நோக்கத்தோடு இரவில் வீட்டை உடைத்துப் புகுந்தால் 14 ஆண்டு வரை சிறை என்று 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 331-ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. தண்டனையின் நீளம் திருடனை அச்சுறுத்துவதில்லை; பிடிபடுவோம் என்ற எண்ணமே அச்சுறுத்துகிறது. அந்த எண்ணத்தை உருவாக்குவது தெருவின் கவனிப்பு. அப்படியானால் மதிலை உயர்த்தலாமா, வேலிக்கு மின்சாரம் பாய்ச்சலாமா? உயர்ந்த மதில் திருடனையும் தெருவின் பார்வையிலிருந்து மறைக்கிறது. மின் இணைப்பிலிருந்து நேரடியாக வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுவது சட்டத்துக்குப் புறம்பானது. அது கொல்வது பெரும்பாலும் வழிப்போக்கரையும் விலங்கையும்தான். எல்லா ஜன்னலையும் நிலையான கம்பியால் அடைத்துவிட்டால் தீப்பிடிக்கும் நேரத்தில் வீட்டாருக்கே வெளியேற வழி இருக்காது. ஒரு கிரிலாவது உள்ளிருந்து திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

என் வாதத்துக்கு எதிரான கடினமான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. தெருவே கவனிக்க வேண்டும் என்றால், தெரு யாரைச் சந்தேகிக்கும்? இந்த நாட்டில் இந்தக் கேள்விக்கு இரத்தம் தோய்ந்த விடை இருக்கிறது. 1871-இல் ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பினாலேயே சில சமூகங்களைத் திருடர்கள் என்று எழுதியது. 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் பல சமூகத்து ஆண்கள் கைரேகை பதித்து, இரவில் காவல் நிலையத்தில் இருப்பைக் காட்ட வேண்டிய நிலை வந்தது. அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3-இல் உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் திரண்ட மக்கள் சுடப்பட்டு இறந்தார்கள். மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் நீங்கியது. அந்த மனப்பான்மை முழுதும் நீங்கவில்லை. 1993-இல் இன்றைய கடலூர் மாவட்டத்து முதனையில் நகைத் திருட்டுப் புகாரின்பேரில் அழைத்துச் செல்லப்பட்ட ராஜாக்கண்ணு காவலிலேயே இறந்தார். இன்றும் ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் முதல் சந்தேகம் வேலை செய்யும் பெண்ணின் மீது விழுகிறது. அவர் மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த நற்பெயர் ஒரே மாலையில் அழிகிறது.

இந்த அநீதியை விலையாகக் கொடுத்துப் பெறும் பாதுகாப்பு நமக்கு வேண்டாம். அதனால் கவனிப்பையே கைவிட வேண்டுமா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆளைக் கவனிப்பதற்கும் செயலைக் கவனிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பூட்டிய வீட்டின் பின்கதவில் யாரோ கடப்பாரை போடுகிறார்கள் என்பது கவனிக்க வேண்டிய செயல். அது யார் செய்தாலும் குற்றம். ஒருவர் என்ன உடை உடுத்தியிருக்கிறார், என்ன மொழி பேசுகிறார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பவை எதற்கும் சான்றல்ல. நான் சொல்லும் அயலார் ஏற்பாடு வீட்டைப் பார்த்துக்கொள்வதற்கானது. மனிதரைத் தடுத்து நிறுத்துவதற்கானதல்ல. கவனிப்பவர் செய்ய வேண்டியது விளக்கைப் போடுவது, குரல் கொடுப்பது, 100-க்கோ 112-க்கோ அழைப்பது. பிடிப்பதும் அடிப்பதும் அவர் வேலையல்ல. மேலும், கதவும் நிலையும் உறுதியாக இருந்து, நகைக்குப் பதிவும் இருக்கும் வீட்டில், அடுத்தவர் மீது கண்மூடித்தனமாகச் சந்தேகம் கொள்ளத் தேவை குறைகிறது. நல்ல ஏற்பாடு சந்தேகத்தின் இடத்தை நிரப்புகிறது.

காவலைப் பொதுப்பணியாகக் கருதுவது நமக்குப் புதிதல்ல. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி நள்ளிரவு மதுரையைக் காட்டும் இடத்தில் கள்வரையும் ஊர்க் காவலரையும் அடுத்தடுத்துக் காட்டுகிறது. கள்வர் இடுப்பில் நூலேணி சுற்றி, நிலத்தைத் தோண்டும் உளியோடு, நகை மீது ஆசை கொண்டு இருளில் திரிகிறார்கள். காவலர் அவர்களுடைய போக்கை நன்கு அறிந்தவர்கள். மழை பெய்து தெருவில் நீர் ஓடும் இரவிலும் சோராமல் சுற்றி வருகிறார்கள். நகரத்தின் அமைதிக்குக் காரணமாக அங்கே நிற்பவர்கள் அந்தக் காவலர்கள். பிற்காலத்தில் கிராமத்துத் தலையாரியும், நகரத்து இரவுகளில் விசில் ஊதிக்கொண்டு சுற்றிய கூர்க்காவும் அந்தப் பணியையே செய்தார்கள். இன்று அந்த இடத்தில் காவல் துறையின் ரோந்து இருக்கிறது. வெளியூர் போகிறவர்கள் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகுமாறு காவல் துறை கேட்டுக்கொள்கிறது. சொன்னால் அந்த வீடு ரோந்துப் பட்டியலில் சேர்கிறது. பலர் சொல்வதில்லை. நிலையத்துக்குச் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடுமோ என்ற அவநம்பிக்கை ஒரு காரணம். அந்த நம்பிக்கையை ஈட்டும் கடமை காவல் துறையைச் சேர்ந்தது. ரோந்து வந்ததைக் குடும்பத்துக்கு ஒரு குறுஞ்செய்தியாகத் தெரிவிப்பது அதற்கு நல்ல தொடக்கம்.

பூட்டிய வீட்டோடு இந்தப் பேச்சை முடித்துவிட முடியாது. கொங்குப் பகுதியின் தோட்டத்து வீடுகளில் தனியே வாழ்ந்த முதியோர் நகைக்காகக் கொல்லப்பட்ட கொடுமைகளை அண்மை ஆண்டுகளில் பார்த்தோம். அடுத்த வீடு கூப்பிடு தொலைவில் இல்லாத இடத்தில் கோலமும் பால்காரரும் போதாது. அங்கே கவனிப்பை ஏற்பாடாகச் செய்ய வேண்டும்: தினமும் குறித்த நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு, அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும் ஒலிப்பான், உடலிலும் வீட்டிலும் குறைந்த நகை, வட்ட அளவில் அந்த வீடுகளின் பட்டியலோடு நடக்கும் ரோந்து. தாமதமும் கவனிப்பும் என்ற அதே இரண்டு கோட்பாடுகள்தான். தூரம் கூடக் கூட இரண்டையும் கூட்ட வேண்டும்.

முடிவாக, நாம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடப்பில் உள்ளன. கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடத்தையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் கணக்கிட்டு அனுமதி தரும் அரசு, வெளிக்கதவு, நிலை, நாதாங்கி, கீழ்த்தள ஜன்னல் ஆகியவை மூன்று நிமிடமாவது தாங்க வேண்டும் என்ற ஒரு விதியையும் சேர்க்கலாம். கட்டும்போதே செய்தால் செலவு சிறிது. பிறகு செய்தால் பெரிது. வாடகைக்கு விடும் வீட்டின் கதவுக்கு உரிமையாளரே பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். குடியிருப்போர் சங்கங்கள் தெருவுக்கு ஒரு கேமரா வாங்குவதற்கு முன், ஐந்தாறு வீடுகளைக் கொண்ட சிறு குழுக்களை அமைக்கலாம். திருட்டுப் போன வீட்டுக்கு வழக்குப் பதிவோடு நின்றுவிடாமல், அதே வாரத்தில் கதவைச் சரிசெய்யும் உதவி அரசிடமிருந்து போக வேண்டும். ஏனெனில் அடுத்த திருட்டு அங்கேதான் வர வாய்ப்பு அதிகம். இந்த உதவி யாரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நூறு பவுன் இழந்தவருக்கு வீடும் வேலையும் மிஞ்சுகிறது. தகரக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்த இரண்டு பவுனை இழந்த குடும்பத்துக்கு மகளின் திருமணமும் அடுத்த ஆண்டுக் கல்விக் கட்டணமும் சேர்ந்தே போகின்றன. பொதுப்பணத்தில் போடும் முதல் நாதாங்கி அந்தக் கதவில் ஏற வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு, பூட்டுக்குப் பணம் இருக்கிற நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.